முன்பக்கம், ரெண்டு பீஸ்

மேட்டுப்பாளையம் போய்ச் சேர எப்படியும் ஒண்ணேகால் மணி நேரம் ஆகுமுங்க. பனி இறங்கிருச்சுன்னா இன்னும் சித்த நேரம் கூட. எனக்கு அங்க இருந்து திருப்பூருக்கு வேற பஸ் மாறணும். எம்பேரு மருதாசலமுங்க. பனியன் கம்பெனியில முப்பத்தியொரு வருசம். மொதல்ல ஓவர்லாக் டைலர், அப்பறம் கட்டிங் மாஸ்டர்.

ஊட்டுக்காரி கோத்தகிரியில பொண்ணு கூட இருக்கறா. சிந்தாமணின்னு பேரு. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் அதைத்தான் மொதல்ல கேக்கறாங்க. நான் குரல் ஒசத்திப் பேசறவன் இல்லீங்க. கை நீட்டினதில்ல. குடி இல்ல. சம்பளக் கவரைப் பிரிக்காம அவ கையில குடுத்துருவேன். பேச்சு கம்மி, அவ்வளவுதான். நாள் பூரா மெஷின் சத்தத்துல இருந்துட்டு வர்றவன் ஊட்ல வந்து என்னத்தைங்க பேசறது.

பொண்ணு கோகிலவாணி அங்க ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸு. மாப்பிள்ளை டீ பேக்டரியில எலக்ட்ரீசியன். பிரசவத்துக்கு நம்மூருக்குத்தான வரணும், ஆனா அவ வேலை பாக்கற ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கறேன்னு சொல்லிட்டா. சரின்னு சிந்தாமணி மலைக்குப் போனா. மூணு மாசத்துல வந்தர்றேன்னு சொல்லித்தான் போனா. சாம்பார்ப் பொடி, மிளகாப் பொடியெல்லாம் மூணு மாசத்துக்கு அளவா அரைச்சு வச்சிருந்தா. டப்பா மேல பேரு எழுதி ஒட்டி வச்சிருந்தாளுங்க.

ரெண்டாவது மாசமோ என்னமோ ஒரு போன் வந்துச்சு. நான் கட்டிங் டேபிள்ல நிக்கறேன். குழந்தைங்க நைட் டிரஸ், நாப்பதாயிரம் பீஸு, ஆடி கடைசியில கண்டெய்னர் ஏத்தணும்.

"ஏனுங்க, ஒரு கட்டி இருக்குதுங்க. எடுத்தறணும்ங்கறாங்க."

"எங்க?"

"கைக்குக் கீழ."

"சரி, எடுத்துரு. ஷிப்மெண்ட் முடிஞ்சதும் வர்றேன்."

அவ சித்த நேரம் போனை வைக்கல. நானும் வைக்கல. அப்பறம் லைன் சூப்பர்வைசர் வந்து எதையோ கேட்டாரு, வச்சுட்டேன். கைக்குக் கீழன்னா அக்குள்ல வர்ற கொப்புளம்னு நெனச்சனுங்க. வெயில்ல எங்க டைலருங்களுக்கெல்லாம் வரும். கீறி விட்டா ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்.

ஷிப்மெண்ட் முடிஞ்சு இருபத்தாறாம் நாள் போனேன். காலையில ஏறி சாயங்காலம் எறங்கிட்டேன். கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தா, மேல சால்வை. "எடுத்தாச்சா?"ன்னேன். "எடுத்தாச்சுங்க"ன்னா. "வலி இருக்குதா?" "இல்லீங்க." பேத்தியப் பாத்தேன், சாப்பிட்டேன், வந்துட்டேன். பொங்கலுக்கு மறுக்கா போனேன். அப்ப தலையைச் சுத்தி மப்ளர் கட்டியிருந்தா. முகம் சித்த எளைச்சிருந்துச்சு. "குளிருதா?"ன்னேன். "குளிருதுங்க"ன்னா. கோத்தகிரி குளிர் உங்களுக்குத் தெரியுமில்ல. "ஊட்டுக்கு வந்துரு, இந்தக் காத்து உனக்குச் சேரல"ன்னேன். "பாப்பாவைப் பாத்துக்க ஆளில்லீங்க, இங்கயே இருக்கறேன்." சரின்னேன். பொண்ணு கூட இருக்கட்டும்னுதானுங்க சொன்னேன், வேற ஒண்ணும் மனசுல வச்சுச் சொல்லல.

அதுக்கப்பறம் போன்லதான். சாப்ட்டீங்களா, சாப்ட்டேன். மழையா, மழை.

இந்த வருசம் சித்திரையோட கம்பெனியை மூடிட்டாங்க. மொதலாளி பையன் வெளிநாட்டுலயே இருந்துட்டான், நடத்த ஆளில்ல. மெஷினையெல்லாம் வித்தப்ப நான் ஒரு பழைய ஓவர்லாக்கை எடுத்துட்டு வந்து முன்னறையில போட்டேன். எதுக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கையில எடுத்துட்டு வர வேற என்னங்க இருந்துச்சு. தையல் மெஷின் ஏற்கெனவே ஊட்ல இருந்துச்சு, சிந்தாமணி ஜாக்கெட் தைக்கறது. மத்தியானம் மெஸ்ல சாப்பிடுவேன். வந்து உக்காருவேன். மூணு மணிக்கு டீ பெல் அடிக்கற நேரத்துக்கு உடம்பு தானா எந்திரிச்சு நிக்குமுங்க. நின்னுட்டு மறுபடி உக்காருவேன்.

அப்பத்தான் கோகிலா போன் பண்ணினா. "சும்மா உக்காந்திருக்காதீங்கப்பா. அம்மாவுக்கு ஒரு கார்டிகன் தச்சுக் குடுங்க."

"கடையில நூறு ஸ்வெட்டர் தொங்குதே அம்மிணி."

"கடையில வாங்கறது அம்மாவுக்குச் சரியா வரலீங்கப்பா. முன்னால பட்டன் வச்சது வேணும். தலை வழியாப் போடறது வேண்டாம். மெத்துன்னு பனியன் துணியாவும் இருக்கணும்."

ஏன் தலை வழியா வேண்டாம்னு நான் கேக்கலீங்க. ஆர்டர் குடுக்கற பையர் ஒரு ஸ்டைல் அனுப்புனா ஏன்னு கேக்கற பழக்கம் எங்களுக்கில்ல. சீட்ல என்ன எழுதியிருக்குதோ அதை வெட்டுவோம். முப்பத்தியொரு வருசப் பழக்கமுங்க.

அவளே இன்டர்நெட்டுல துணி வெட்டறதுக்கான ஒரு பேட்டர்னை வாங்கி போன்ல அனுப்பிச்சா. ஊட்ல தைக்கற பொம்பளைங்களுக்குன்னு வெளிநாட்டுல போடறாங்களாம். நம்ம கம்பெனிக்குப் பெரிய சீட்டா வரும், இது சின்னச் சின்னத் தாளா முப்பத்திரண்டு பக்கம். ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து, ஓரத்தை வெட்டி, வரிசையா ஒட்டணும். மொதப் பக்கத்துல அளவு சரிபாக்க ஒரு கட்டம் போட்டிருந்துச்சு, ரெண்டு இஞ்சுக்கு ரெண்டு இஞ்சு. டேப் வச்சுப் பாத்தா ஒண்ணே முக்கால்தான் வருது. கடைக்காரம்மா தாளுக்கு அடங்கட்டும்னு சுருக்கி அடிச்சுட்டாங்க. திரும்பப் போயி மொத்தத்தையும் மறுபடி எடுத்தனுங்க. கால் இஞ்சு விட்டா மொத்த பீஸும் போச்சு. அதுல எல்லாம் நான் கரெக்டான ஆளு.

எங்கிட்ட இங்கிலீசு அவ்வளவா இல்ல. படத்தைப் பாத்தே பாதி புரிஞ்சுது, மீதியை போன்ல தமிழ்ல மாத்திப் படிச்சேன். கோடு பூரா அளவு, வளைவு. பின்பக்கம் ஒரு பீஸு. கை ரெண்டு. முன்பக்கம் ரெண்டு, எதிரெதிரா வெட்டவும்னு போட்டிருந்துச்சு. இடமும் வலமும் ஒண்ணேதான், திருப்பிப் போட்டு வெட்டறது. அளவுக்கு சிந்தாமணிக்கே போன் பண்ணினேன்.

"உன்ற அளவு என்ன?"

லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன்.

"ஏதோ ஒரு அளவுல தைங்க"ன்னா.

பீரோவைத் திறந்தேன். அவ அளவு ஜாக்கெட் ஒண்ணு கெடந்துச்சு, பச்சைக் கலரு. அதை டேபிள்ல விரிச்சு அளந்தேன். மார்பு முப்பத்தாறு. சார்ட்டைப் பாத்தா மீடியம். முடிஞ்சுது வேலைன்னு நெனச்சேன்.

காதர்பேட்டை துணிக்கடைங்கள்ல போயி கிலோ கணக்குல வர்ற துணியில தேடினேன். உள்பக்கம் பஞ்சு மாதிரி இருக்கற துணி, நாவப்பழக் கலரு. கழுத்துப் பட்டிக்கும் கை முனைக்கும் அதே கலர்ல, இழுத்தா விரியற ரிப்புத் துணி. வாங்கிட்டு வந்து தண்ணியில நனைச்சுக் காயப் போட்டு, ஒரு நாள் பூரா கட்டில்ல விரிச்சு ஆற விட்டேன். பின்னல் துணி ரோல்ல இழுபட்டு இருக்குமுங்க, அது தன் அளவுக்கு வந்து படுத்தப்பறம்தான் வெட்டணும். அன்னைக்கு நான் கீழ படுத்துக்கிட்டேன்.

வெட்டினேன். தோள்ல இழுக்காம இருக்க உள்ள நாடா வச்சு ஓட்டினேன். துணியில ஓட்டை விழாத ஊசியாப் பாத்துப் போட்டேன். பதினோரு நாள் ஆச்சுங்க. கம்பெனியில இந்த மாதிரி பீஸு லைன்ல இருபது நிமிசத்துல வெளிய வந்துரும். ஆனா அதுல நான் வெட்டறதோட சரி. ஒரு ஆளுக்குன்னு, முழுசா, ஒரு பீஸு தச்சதேயில்லீங்க நான். பட்டனுக்குக் காஜா எடுக்கத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். வீணாப் போன துண்டுல முப்பது காஜா போட்டுப் பழகி, அப்பறம் பட்டியில அஞ்சு போட்டேன்.

சந்தோசமா இருந்துச்சான்னா, அப்படி ஒண்ணும் தெரியலீங்க. மெஷின் ஓடறப்ப சத்தம் இருந்துச்சு. நிறுத்துனா இல்ல. அவ்வளவுதான்.

நேத்து அதை எடுத்துட்டுத்தான் மேல வந்தேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும். கோகிலா டூட்டி முடிஞ்சு வந்திருந்தா. பேத்தி தூங்கிட்டு இருந்துச்சு. சிந்தாமணி வெந்தயக்கீரை ஆஞ்சுட்டு இருந்தா. தலைமுடி கழுத்தளவுக்கு இருந்துச்சு. நெறைய நரைச்சு, சுருட்டையா. முன்னெல்லாம் அவளுக்குச் சுருட்டை கிடையாதுங்க. பாத்தேன், கேக்கல.

கவரைப் பிரிச்சுக் குடுத்தேன். தடவிப் பாத்தா. உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாத்தா. அவளுக்குத் தையல் தெரியுமில்ல.

"நீங்களேவா தச்சீங்க?"

"நாந்தான்."

"காஜாவும்?"

"காஜாவும்."

போட்டுக்கிட்டா. மொதல்ல இடது கைய விட்டா, மெதுவா, ஊர்ந்து போற மாதிரி. அப்பறம் வலது. கோகிலா பின்னால நின்னு தோளைச் சரி பண்ணிவிட்டா. சேலை முந்தானைய உள்ள ஒதுக்கிட்டு அஞ்சு பட்டனையும் போட்டா.

நான் நாலடி தள்ளி நின்னு பாத்தனுங்க. கம்பெனியில டம்மிக்குப் போட்டுப் பாக்கற மாதிரி. தோள் சரி. கை நீளம் சரி. வலது முன்பக்கம் ஒக்காந்திருக்குது. இடது முன்பக்கம் தொங்குது. பட்டன் பட்டி நேரா இறங்காம இடது பக்கமாச் சாயுது. கட்டிங் மாஸ்டரு, இடமும் வலமும் மாத்தி வெட்டிட்டனா, துணியைத் திருப்பிப் போடறப்ப இழுத்துட்டனா? கிட்டப் போயி துணியைப் பிடிச்சு இழுத்துப் பாத்தேன். எங்க லூஸுன்னு பாக்க உள்ளங்கையை வச்சு அமுத்தினேன்.

அங்க ஒண்ணும் இல்லீங்க.

பலகை மாதிரி இருந்துச்சு. நான் கைய எடுக்கல. எடுக்கணும்னு தோணல. அவளும் நகரல.

"கட்டிங்ல தப்பில்லீங்க. நல்லாத்தான் தச்சிருக்கீங்க"ன்னா.

"எப்ப?"

"அந்த ஆடியில."

"கட்டின்னுதான சொன்னே."

"கட்டிதானுங்க. எங்கன்னு கேட்டீங்க, கைக்குக் கீழன்னேன். அப்பறம் நீங்க கேக்கல."

கோகிலா வாசப்படியில நின்னு அழுதா. "நான் சொல்றேன்னு எத்தனையோ தடவை சொன்னேங்கப்பா. அம்மாதான், அவரா கேட்டாச் சொல்லிக்கறேன்னு சொல்லிருச்சு." ஆபரேசன் கோயமுத்தூர்லதான் நடந்துச்சாமுங்க. பத்து நாள் அங்க இருந்திருக்கறாங்க. நம்மூர்ல இருந்து ஒரு மணி நேரம். அப்பறம் ஊசி மருந்து, ஆறு தடவை. முடியெல்லாம் கொட்டி அப்பறம் மொளைச்சதுதான் இந்தச் சுருட்டை. இடது கை இப்பவும் தோளுக்கு மேல தூக்க வராது. "இப்ப நல்லா இருக்குதுங்கப்பா, ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கறாங்க"ன்னு சொல்லுச்சு புள்ள.

நீங்களே சொல்லுங்க. எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க பயம்? நான் திட்டுவனா, அடிப்பனா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா? ஷிப்மெண்ட் முடிஞ்ச அன்னைக்கே வந்திருப்பனுங்க.

அப்பறம் சாப்பாடு போட்டா. சாப்பிட்டேன். கீரைக்கடையல். உப்பு சரியா இருந்துச்சா இல்லையான்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல. கோகிலா முகத்தைக் கழுவிட்டு துணி துவைக்கப் போயிட்டா. நானும் சிந்தாமணியும் உக்காந்திருந்தோம். அவ அந்தக் கார்டிகனைக் கழட்டல. ஏதாச்சும் சொல்லணுமில்ல, எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.

"கழட்டிக் குடு. நான் சரி பண்ணித் தர்றேன். உள்ள ஒரு பேடு வச்சுத் தச்சுட்டா போதும். நாங்க கம்பெனியில லேடீஸ் ஐட்டமெல்லாம் பண்ணியிருக்கறோம். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அவ சிரிச்சாளுங்க. கேலியா இல்ல. சும்மா சிரிச்சா.

"ரெண்டு வருசமா ஒண்ணும் தெரியாமத்தானுங்க இருந்துச்சு"ன்னா. அப்பறம் சொன்னா, "பேடெல்லாம் வேண்டாமுங்க. எனக்கு எப்படி இருக்குதோ அப்படியே தச்சுக் குடுங்க."

ராத்திரி கூடத்துல படுத்தேன். தூங்கிட்டனுங்க. தூக்கம் வராதுன்னு நெனச்சேன், வந்துருச்சு.

காலையில ஆறரைக்கெல்லாம் கோகிலா டூட்டிக்குப் போயிட்டா. மாப்பிள்ளை பேத்தியத் தூக்கிட்டு வெயிலுக்கு வெளிய போனாரு. "டேப் வச்சிருக்கறீங்களா?"ன்னு சிந்தாமணி கேட்டா. என் பையில எப்பவும் இருக்குமுங்க. கதவைச் சாத்திட்டு ஜன்னலோரமா வந்து நின்னா, சேலைய எடுத்து நாற்காலியில போட்டுட்டு, ஜாக்கெட்டோட. வலது கையத் தூக்கினா. இடது கை பாதி வரைக்கும் வந்துச்சு.

லட்சம் பீஸு வெட்டியிருக்கறேன். ஒரு பொம்பளைக்கு நான் அளவெடுத்ததில்லீங்க. எம்பட ஊட்டுக்காரிக்கே எடுத்ததில்ல. மார்பு அளவுன்னா எங்களுக்குச் சுத்தி எடுத்துப் பாதி போட்டா முடிஞ்சுது. இதுல பாதி போட முடியாது. நடு மார்புல இருந்து அந்தப் பக்கம் தனி, இந்தப் பக்கம் தனி. வலது பக்கம் வச்சேன். "பத்தே கால்"னேன். அவ பேத்தி கிறுக்கற நோட்டுல எழுதினா. இடது பக்கம் வச்சேன். நம்பர் தெரியுது. வாயில வரல. டேப்பைப் பிடிச்சுட்டு நிக்கறேன். அவ குனிஞ்சு தன் மார்பு மேல இருந்த டேப்பைத் தானே பாத்து, "எட்டரைங்க"ன்னா. அதையும் அவளே எழுதினா.

"தழும்பு மேல தையல் வராமப் பாத்துக்கங்க. உறுத்தும்"னா.

"எங்க?"ன்னேன்.

அவ என் கையப் பிடிச்சுக் கொண்டுபோயி வச்சா. ஒவ்வொரு இடமாக் காமிச்சா. இங்க ஆரம்பிக்குது, இப்படிப் போகுது, இங்க முடியுது. நடு மார்புக்குக் கிட்ட ஆரம்பிச்சு அக்குள் வரைக்கும் போகுதுங்க. ஜாக்கெட்டுக்கு மேலதான், ஆனா விரலுக்குத் தட்டுப்படுது. நம்ம கை ஓட்டத்துல சாதாரணமா சைடு தையல் வர்ற எடத்துலயே வந்து முடியுது. அப்ப தையலை ஒண்ணரை இஞ்சு பின்னால தள்ளணும், பின்பக்கத்தையும் புதுசா வெட்டணும். அதைச் சொன்னேன். "தள்ளிருங்க"ன்னா.

"வலிச்சுதா?"ன்னேன்.

"அப்ப வலிச்சுதுங்க"ன்னா.

அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. அவ சேலையைக் கட்டிக்கிட்டு டீ போடப் போனா. டீ குடிச்சேன். நோட்டுத் தாளைக் கிழிச்சு மடிச்சு என் சட்டைப் பையில வச்சுவிட்டா. எப்ப வர்றீங்கன்னு கேக்கல. நானும் சொல்லல. கேட்டு வரைக்கும் வந்தா.

அழுகை வரலீங்க. நேத்தும் வரல, இன்னைக்கும் வரல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நல்லாத்தான் நடந்து வந்தேன். ஏறி கம்பியப் பிடிச்சு நின்னேன். கண்டக்டர் வந்து எங்கன்னு கேட்டாரு. எட்டரைன்னேன். "எட்டரை பஸ் போயிருச்சுங்க பெரியவரே, இது ஒம்பதே காலு. எங்க போகணும் சொல்லுங்க"ன்னாரு. நான் மறுபடியும் எட்டரைன்னுதான் சொல்றேன். வேற ஒண்ணும் வரமாட்டேங்குது. பின்னால ஆளுங்க நிக்கறாங்க, அவரு மூணாவது தடவை கேக்கறாரு. அப்பத்தானுங்க நீங்க உங்க பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, இங்க வந்து உக்காருங்கன்னு சொன்னீங்க.